விமானத்துக்கு அழுக்கு வைத்தேன்

என் வீட்டு ஷோகேஸில் பதினொரு விமானங்கள் நிற்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் அவற்றைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "பையனோடதா?" எனக்குப் பையன் கிடையாது. ஒரே பெண், சென்னையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். "என்னோடதுங்க" என்று சொன்னால் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு பரிதாபமாக என் கணவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவரும் சும்மா இருக்க மாட்டார். "எனக்கு ஒரு டீ போட்டுக் குடுக்க நேரமில்ல, பொம்மைக்குப் பெயின்ட் அடிக்க மட்டும் நேரம் இருக்கு" என்பார். எங்கள் வீட்டில் டீ போடுவது அவர்தான். வந்தவர்களுக்கு அது தெரியாது என்ற தைரியம்.

எனக்கு வேங்கிக்காலில் நில அளவைப் பிரிவில் வரைவாளர் வேலை. அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டால் அவர்கள் வயலைக் காகிதத்தில் சுருக்கிக் கோடு போட்டுக் கொடுப்பது என் உத்தியோகம். பெரியதைச் சின்னதாகப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. என் பெண் ஆறாவது படிக்கும்போது பள்ளியில் கேட்டார்கள் என்று ஒரு விமானக் கிட் வாங்கினோம். அவள் இரண்டு இறக்கையை ஒட்டிவிட்டு விளையாட ஓடிவிட்டாள். மேசையைத் துடைக்கப் போன நான் மிச்சத்தை ஒட்டத் தொடங்கினேன். அன்றைக்கு மதியம் சோறு வைக்க மறந்துபோனேன். அதற்குப் பிறகு இதை விட முடியவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெட்டியைத் திறந்தால் பாகங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில், கொடியில் அவரைக்காய் தொங்குவது மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க வேண்டும். வெட்டின இடத்தை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஒட்டின பிறகு சந்து தெரிந்தால் பட்டி வைக்க வேண்டும். பிறகு பிரைமர், அதற்கு மேல் பெயின்ட், அதற்கு மேல் தண்ணீரில் ஊறவைத்து நழுவவிடும் ஸ்டிக்கர், அதற்கு மேல் வார்னிஷ். இவ்வளவும் முடிந்தால் கையில் புத்தம் புதிய விமானம் ஒன்று இருக்கும். நிறையப் பேர் அங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அதில் திருப்தி வராது. ஷோரூமில் நிற்கிற பைக் மாதிரி இருக்கும், பார்த்தால் பொய் என்று தெரிந்துவிடும். வெயிலில் நின்று, மழையில் நனைந்து, ஆயிரம் தடவை ஏறி இறங்கின விமானம் அப்படியா இருக்கும்?

அதனால் நான் அழுக்கு வைப்பேன். கறுப்பு ஆயில் பெயின்டைத் தின்னரில் நீர்க்கக் கரைத்துத் தகடுகள் சேரும் கோடுகளில் ஓடவிடுவேன். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை ஒரு விள்ளல் கிள்ளி, வெள்ளிப் பெயின்டில் தொட்டு, இறக்கையின் முன் ஓரத்தில் ஒற்றி எடுத்தால் பெயின்ட் உரிந்த மாதிரி வரும். இதற்கெல்லாம் நான் பாடம் படித்தது எங்கள் ஊர் பேருந்து நிலையத்தில். டீசல் மூடிக்குக் கீழே கறை எப்படி வழிந்திருக்கிறது, சைலன்சர் புகை எந்தப் பக்கம் அடித்திருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் ஒரு கண்டக்டர் பயந்துபோய், "மேடம், எதுனா கம்ப்ளெயின்ட் குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க, உங்க அழுக்கு நல்லா இருக்கு" என்றேன். அவர் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

என் தம்பிக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் என் விமானங்களைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்டது கிடையாது. அவன் என்னைவிட மூன்று வயது சின்னவன். பிளஸ் டூ முடித்த கையோடு விமானப்படையில் சேர்ந்தான். இருபது வருஷம் இன்ஜின் ஃபிட்டர். படைக்குச் சாமானும் ஆட்களும் ஏற்றிப் போகிற இரட்டை விசிறி விமானம் ஒன்று உண்டு. அந்த ஒரே வகையைத்தான் அவன் கடைசிவரை பார்த்துக்கொண்டான். முப்பத்தெட்டு வயதில் பென்ஷனோடு கீழ்பென்னாத்தூருக்கு வந்துவிட்டான். இரண்டு ஏக்கரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, சொந்த வீடு, அவன் மனைவி, ஒரு டிவி.

வந்த புதிதில் ஒரு காதுகுத்து விருந்துக்கு எல்லோரும் போயிருந்தோம். பந்தியில் சொந்தக்காரர் ஒருவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஏம்பா, நீ பிளேன் ஓட்டுனியா?" என்றார்.

"இல்லைங்க மாமா."

"அப்ப துப்பாக்கி?"

"அதுவும் இல்லைங்க."

"அப்புறம் இருவது வருஷம் அங்க என்னதான் பண்ண?"

தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே, "துடைச்சேங்க" என்றான். பந்தியே சிரித்தது. அவனும் சிரித்தான். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஆளின் இலையில் இருந்த வடையை எடுத்து அவர் வாயிலேயே அடைத்திருப்பேன், என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு தம்பி எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. போன் செய்தால் நாலு வார்த்தை பேசுவான். மாதம் போகப் போக அதுவும் இரண்டானது.

போன கோடை விடுமுறையில் அவன் மனைவி எனக்குப் போன் செய்தாள். ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு தனியார் கல்லூரியில் முப்பது பேருந்துகள் ஓடுகின்றன. அவற்றின் பராமரிப்புக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டுமாம். விமானப்படையில் இருந்தவர் என்று கேள்விப்பட்டு அவர்களே கூப்பிட்டிருக்கிறார்கள். கல்லூரி திறக்கிற திங்கள்கிழமைக்குள் வந்து பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

"இவரு போவலைனு சொல்றாரு அண்ணி. பணத்துக்காகச் சொல்லல. காலையில எழுந்தா டிவி முன்னாடி உக்கார்றாரு, சவுண்டு கூட வைக்கறதில்ல. சும்மா பாத்துட்டே இருக்காரு. எனக்கு பயமா இருக்கு. நீங்க சொன்னா கேப்பாரு" என்றாள். கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்துவிட்டது.

உடனே அவனுக்குப் போன் போட்டேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "ஏன்டா போகல?" என்றேன்.

"பிளேனைத் துடைச்சவன் இப்ப பஸ்ஸைத் துடைக்க வந்துட்டான்னு சொல்லுவாங்கக்கா. வேணாம் விடு."

"யாரு சொல்லுவா? பேரைச் சொல்லு. நான் நேராப் போயிக் கேக்கறேன்."

"யாரும் சொல்ல வேணாம்கா. எனக்கே அப்படித்தான் தோணுது."

வெளி ஆள் யாராவது என்றால் சண்டைக்குப் போய்விடுவேன். அவனே அவனைப் பற்றி அப்படி நினைத்தால் நான் யாரிடம் சண்டை போடுவது? போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு எழுந்து ஸ்டீல் பீரோவின் மேல் இருந்த ஒரு பெட்டியை இறக்கினேன். அவன் ஓய்வு பெற்றபோது பரிசாகச் செய்து கொடுக்கலாம் என்று வாங்கி, திறக்காமலே வைத்திருந்த கிட். அவன் பார்த்துக்கொண்ட அதே இரட்டை விசிறி விமானம், அசல் அளவில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. திங்கள்கிழமைக்கு மூன்று வாரம் இருந்தது. இருபது வருஷம் அவன் கை தொட்ட ஒன்றை அவன் கையில் வைத்தால் உள்ளே ஏதாவது அசையும் என்று நினைத்தேன். என்ன அசையும் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

விஷயத்தைச் சொல்லாமல் அவனிடம் ஒரு படம் கேட்டேன். ஒரே ஒரு படம் அனுப்பினான். விமானத்தின் மூக்குக்கு அடியில், நீல நிற வேலை உடுப்பில், கையில் ஒரு துணியோடு நிற்கிறான். பின்னால் விமானம் கழுவி எடுத்த தட்டு மாதிரி பளிச்சென்று இருந்தது. ஏதோ விழாவுக்காகக் கழுவியிருப்பார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அழுக்குக்காக இணையத்தில் வேறு படங்களைத் தேடினேன். வேறு வேறு நாடுகளில் பழையதாகிப் போன அதே வகை விமானங்கள், எண்ணெய் வழிந்து, புகை படிந்து, எவ்வளவு அழகாக இருந்தன தெரியுமா!

தினமும் விடிந்ததும் அலுவலகம் கிளம்புகிற வரை பால்கனியில் உட்கார்ந்தேன். வெயில் ஏறிவிட்டால் பெயின்ட் தூரிகையிலேயே காய்ந்துபோகும். சிமென்ட் லாரிகள் எங்கள் தெருவில் புதுவீடு கட்டுகிற இடங்களுக்குப் போகும்போது தூசி பறந்து வந்து ஈரமான இறக்கையில் உட்காரும். மறுபடியும் உப்புத்தாள், மறுபடியும் பெயின்ட். என் கணவர் டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இது எந்தத் தேதியில டேக் ஆஃப்?" என்று கேட்டுவிட்டுப் போவார். ஒருநாள் அலுவலகத்துக்கு நகத்தில் சாம்பல் நிறத்தோடு போய், கையெழுத்துப் புத்தகத்தில் விரல் அடையாளம் வைத்துவிட்டேன். மூன்றாவது வாரத்தின் வெள்ளிக்கிழமை எல்லாம் முடிந்தது. இன்ஜின் புகைக்கறை மட்டும்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரச்சொல்லித் தம்பியிடம் சொல்லியாகிவிட்டது.

புகைக்கறைக்கு ஒரு கறுப்புத் தூள் உண்டு. சென்னையிலிருந்து கூரியரில் வர வேண்டும். சனிக்கிழமை காலை கூரியர்காரருக்குப் போன் செய்தேன். "மேடம், இன்னிக்கு பௌர்ணமி. அவலூர்பேட்டை ரோட்டுல இருந்தே வண்டி விட மாட்டேங்கறாங்க. திங்கக்கிழமை தர்றேன்" என்றார். பௌர்ணமியை மறந்தது என் தப்பு. வாசலில் எட்டிப் பார்த்தால் தற்காலிகப் பேருந்து நிலையத்திலிருந்து இறங்கின கூட்டம் பையும் தண்ணீர் பாட்டிலுமாகக் கிரிவலத்துக்கு மலையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. இத்தனை லட்சம் பேர் ஊருக்குள் வர முடிகிறது, என் கறுப்புத் தூள் ஒன்றுக்கு மட்டும் வழியில்லை என்று எரிச்சலாக இருந்தது.

அப்போதுதான் பூஜை அலமாரியில் அந்தச் சின்ன டப்பா கண்ணில் பட்டது. தீப மை. கார்த்திகை தீபம் முடிந்ததும் மலை உச்சிக் கொப்பரையில் நெய் எரிந்து படிந்த கரியைச் சேர்த்துக் கோயிலில் பிரசாதமாகக் கொடுப்பார்கள். எங்கள் ஊரில் பரீட்சை என்றாலும் பிரயாணம் என்றாலும் நெற்றியில் அதில் ஒரு பொட்டு வைத்துக்கொள்வோம். திறந்து பார்த்தேன். கன்னங்கரேல் என்று இருந்தது. கறுப்புக்குக் கறுப்பும் ஆயிற்று, தம்பிக்கு ஆசீர்வாதமும் ஆயிற்று என்று தோன்றியது. சாமியிடம் ஒரு தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டு, தூரிகையால் தொட்டு இரண்டு இன்ஜின்களின் பின்னாலும் இழுத்தேன்.

அப்படி ஒரு கறுப்பை எந்தக் கடைத் தூளும் கொடுத்ததில்லை. ஆனால் நெய்க்கரி அல்லவா, காயவில்லை. விரல் பட்ட இடமெல்லாம் வழுக்கிக்கொண்டு பரவியது. இன்ஜின் மூடிக்கு அடியில் வழிந்து, வெயில் பட்டால் ஈரமாக மினுங்கியது. முதலில் பதறினேன். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தபோது, உண்மையான விமானம் ஒன்று இப்போதுதான் தரை இறங்கி வந்து நிற்கிற மாதிரி இருந்தது. இதைவிட நல்ல அழுக்கை நான் வைத்ததே இல்லை என்று எனக்கே பெருமையாகப் போய்விட்டது. அப்படியே விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி தனியாக வந்தான். கிரிவலம் முடித்துத் திரும்புகிற கூட்டத்தில் பேருந்து கிடைக்காமல் பாதி தூரம் நடந்து வந்ததாகச் சொன்னான். சாப்பாடு முடிந்தது. வேலை பற்றி நான் வாயே திறக்கவில்லை, அதற்கே எனக்கு ஒரு மாலை போட வேண்டும். விமானத்தைத் துண்டு போட்டு மூடி எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்துத் துண்டை எடுத்தேன்.

அவன் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தான். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. குனிந்து மூக்கைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான், விசிறிகளை எண்ணுகிற மாதிரி பார்த்தான். இன்ஜினுக்கு வந்ததும் அந்த வெளிச்சம் அணைந்துவிட்டது.

"இது யாரோட பிளேன்கா?" என்றான்.

"உன்னோடதுதான்டா."

"என்னோடது இல்ல."

"நீ அனுப்புன படத்தைப் பாத்துத்தான் பண்ணேன். வால்ல நம்பர் கூட..."

"நம்பர் சரி. என்னோடது இப்படி ஒருநாள் கூட நின்னது கிடையாது." குரல் உயர்ந்துவிட்டது. காதுகுத்தில் பந்தியே சிரித்தபோது உயராத குரல். "இன்ஜினைப் பாரு. இவ்ளோ எண்ணெய் வழிஞ்சிருக்கு, எவன் இதைப் பாத்துட்டுச் சும்மா இருந்தான்? என்னைப் பத்தி இதைத்தான் நினைச்சிருக்கியா நீ?"

எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. மூன்று வாரம் கண் வலிக்க வேலை செய்திருக்கிறேன். கோபமும் வந்தது. "பறக்கிற பிளேன்னா அழுக்கு இருக்காதா? புகை அடிக்காதா? பொம்மை மாதிரி பளபளனு வைக்கணுமா?" என்று நானும் கத்தினேன்.

"புகை இருக்கும்கா. புகைக்கறை காய்ஞ்சு பழுப்பா இருக்கும். இது ஈரமா மினுக்குது. ஈரமா இருந்தா அது புகை இல்ல, கசிவு. உள்ள எண்ணெயை அடைச்சு வைக்கிற சீல் போயிருக்குனு அர்த்தம். இதை இப்படியே மேல அனுப்புனா உள்ள நாப்பது பேரு உக்காந்திருக்காங்க." அவன் கை அந்தச் சின்ன இன்ஜினுக்கு அடியில் போய் நின்றது. "கொஞ்சம் பஞ்சும் தின்னரும் எடு."

காது குடைகிற பஞ்சுக் குச்சி ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தேன். உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தான். ஒரு குச்சியை ஒரு தடவைதான் இழுத்தான், இழுத்ததும் வெளிச்சத்தில் பார்த்தான், ஓரமாக வைத்தான், அடுத்ததை எடுத்தான். முன்னும் பின்னும் தேய்க்கவில்லை. மேலிருந்து கீழ், ஒரே போக்கு. என் மூன்று வார அழுக்கு என் கண் எதிரே போய்க்கொண்டிருந்தது. ஆனால் அவன் கையை விட்டு என் கண்ணை எடுக்க முடியவில்லை.

துடைத்துக்கொண்டே அவனாகப் பேசினான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நான் கேட்காமல் அவனாகப் பேசினான். "துடைக்கறது அழகுக்கு இல்லக்கா. சுத்தமா துடைச்சு வச்சாத்தான் அடுத்த தடவ வர்ற சொட்டு தெரியும். அழுக்கு மேல அழுக்கு இருந்தா எது நேத்து வந்தது, எது இன்னிக்கு வந்ததுனு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு தடவ குளிர்காலத்துல, வடக்க, ராத்திரி பனி உறைஞ்சு கிடந்தது. காலையில துடைக்கிறேன், கடுகு அளவு ஒரு சொட்டு. துடைச்சேன். கால் மணி நேரம் கழிச்சுப் பாத்தா மறுபடியும் கடுகு அளவு. நான் கையெழுத்து போட மாட்டேன்னுட்டேன். நாங்க கையெழுத்து போடலைனா பைலட் ஏற மாட்டாரு. மேல இருக்கறவங்க என்னைப் போட்டுத் திட்டுனாங்க, சாமான் போயாகணும்னு. பிரிச்சுப் பாத்தா சீல் பாதி கிழிஞ்சிருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? வேற சீல் போட்டோம். மறுநாள் போச்சு."

"ஏன்டா, இதை ஏன் இத்தனை வருஷமா யாருக்கும் சொல்லல? அந்தக் காதுகுத்துலயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவன் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "என்னானு சொல்றதுக்கா? எதுனா நடந்திருந்தா சொல்லலாம். ஒண்ணும் நடக்கல. இருவது வருஷமா நான் பாத்த பிளேனுக்கு ஒண்ணுமே நடக்கல. நடக்காததை எப்படி எடுத்துச் சொல்றது?"

அவன் துடைக்கிற வேலை பார்த்தான் என்று அந்தப் பந்தியே சிரித்தபோது எனக்குக் கோபம் வந்ததே தவிர, உள்ளுக்குள் நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். என் கோபம் அவமானத்தில் வந்த கோபம். அவன் வேலையைப் பற்றி நான் ஒரு கேள்வி கேட்டதில்லை. அவன் என் விமானங்களைப் பற்றிக் கேட்கவில்லை என்று மட்டும் குறை வைத்திருந்தேன். அவன் படத்தில் கையில் துணியோடு நின்றதைக்கூட வேலை உடுப்பின் ஒரு பகுதி என்றுதான் பார்த்தேன். "தப்புடா. நான்தான் தப்பாப் பாத்துட்டேன்" என்றேன்.

"சரி விடு. அது என்ன பெயின்ட்? தின்னருக்கே போக மாட்டேங்குது."

சொல்லாமல் இருந்திருக்கலாம். "தீப மை" என்றேன்.

கையில் இருந்த குச்சியோடு அப்படியே உறைந்துவிட்டான். "அடிப்பாவி! சாமி மையை எடுத்தா இன்ஜின்ல தடவுன?" மேசையில் வரிசையாகக் கிடந்த முப்பது நாற்பது கறுப்புக் குச்சிகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். குச்சிகளைக் குப்பையில் போட மனம் வராமல் செம்பருத்தித் தொட்டியில் மண்ணைக் கிளறிப் புதைத்தோம்.

சத்தம் கேட்டு உள்ளே படுத்திருந்த என் கணவர் எழுந்து வந்தார். கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். விமானத்தைப் பார்த்துவிட்டு, தன் வழக்கமான கிண்டலோடு, "பொம்மை பிளேன்ல எண்ணெய் சொட்டுச்சுனு இவ்ளோ சண்டையா? வந்து நம்ம கடை வாசலைப் பாரு மச்சான். அந்த காலேஜ் பஸ்ஸுங்க நின்னுட்டுப் போனா ரோடு பூரா எண்ணெய்க் கோலம்தான்" என்றார்.

தம்பி நிமிர்ந்தான். "எந்த பஸ் மாமா?"

"அது யாரு பாத்தா? ரெண்டு மூணு வண்டி."

"முன்னாடி சொட்டுதா, பின்னாடியா?"

"சொட்டுதுப்பா."

"கறுப்பா இருக்கா, இல்ல சேப்பு நிறமா இருக்கா? பஸ் நின்னதும் சொட்டுதா, ஸ்டார்ட் பண்ணும்போதா?"

என் கணவர் திருதிருவென்று விழித்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். அங்கே நின்றால் ஏதாவது சொல்லித் தொலைப்பேன். பின்னால் தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான். "அந்த பஸ்ஸுல எத்தனை பேரு போவாங்க மாமா?" "அம்பது அறுவது பொண்ணுங்க பசங்க போவாங்கப்பா, ஜாஸ்தியாவும் ஏத்துவாங்க" என்றார் இவர்.

கிளம்பும்போது விமானத்தைத் தான் எடுத்துக்கொண்டு போவதாகச் சொன்னான். கீழ்பென்னாத்தூர் பேருந்தில் மடியில் வைத்துக்கொள்ளத் தோதாகத் துண்டில் சுற்றினான். வாசலில் செருப்பு மாட்டும்போது, என் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்குச் சும்மா போயி பஸ்ஸை மட்டும் பாத்துட்டு வர்றேன்" என்றான். "சும்மாவே போடா" என்றேன்.

சும்மா போனவன் மாலை ஆறு மணிக்குத்தான் வீடு திரும்பினான் என்று அவன் மனைவி போன் செய்தாள். சட்டையெல்லாம் கறுப்பாக வந்து நின்றானாம். "எவ்ளோ தேய்ச்சும் போவல அண்ணி" என்று புலம்பினாள். புலம்பலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை.

வேலையில் சேர்ந்த பிறகும் சுலபமாக இல்லை. டிரைவர்கள் பாதிப் பேர் அவனைவிட வயதில் மூத்தவர்கள். காலையில் இன்ஜின் அடியில் துடைத்துவிட்டுத்தான் வண்டி எடுக்க வேண்டும் என்று அவன் சொன்னதும் முறைத்தார்களாம். அதில் ஒருவர், முப்பது வருஷம் வண்டி ஓட்டினவர், "ஆயுத பூஜைக்குத் துடைப்போம் சார், தினமும் துடைக்க இது என்ன ஏரோப்ளேனா?" என்று கேட்டிருக்கிறார். மறுநாள் தம்பி ஏரோப்ளேனையே கொண்டுபோய் ஒர்க்‌ஷாப் மேசையில் வைத்துவிட்டான்.

ஒரு வாரம் கழித்து எனக்குப் போன் செய்தான். "அக்கா, வேலை இருக்கா? பிளேனை எடுத்துட்டு வர்றேன். மறுபடியும் அழுக்கு பண்ணித் தர்றியா?"

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "துடைச்சதே நீதானடா!"

"இப்ப வேணும்கா. பூரா புகை, தூசி, நீ வழக்கமா பண்ற எல்லாம் பண்ணு. நடுவுல ஒரே ஒரு இடத்துல மட்டும் ஈரமா ஒரு கசிவு வை. கடுகு அளவு. நீதான் தத்ரூபமா பண்ணுவ. டிரைவருங்க தேடட்டும். கண்டுபிடிக்கறவருக்கு நான் டீ வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்கேன். எந்த இடம்னு எனக்கும் சொல்லாத, நானும் தேடறேன்."

தம்பி என் வேலையைத் தத்ரூபம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இரண்டு நாள் காலை பால்கனியில் உட்கார்ந்து, பதினொரு விமானத்துக்கும் வைக்காத அழுக்கை அந்த ஒன்றுக்கு வைத்தேன். கசிவுக்கு இந்த முறை கடை வார்னிஷ்தான். இன்ஜின் அடியில் வைத்தால் உடனே பிடித்துவிடுவான் என்று, சக்கரம் மடங்கி உள்ளே போகிற குழியின் ஓரத்தில், நிழல் விழுகிற இடமாகப் பார்த்து ஊசி முனையால் தொட்டு வைத்தேன். என் தம்பியை ஏமாற்ற இவ்வளவு பாடுபட்டது சின்ன வயதில்கூடக் கிடையாது.

அவன் வந்து எடுத்துக்கொண்டு போன மறுநாள் மதியம், அலுவலகத்தில் நான் யாருடைய வயலையோ பிரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எடுத்ததும், "கண்டுபிடிச்சாச்சுக்கா" என்றான்.

"நீயா?"

"நான் இல்ல. நான் இன்ஜினையே பாத்துட்டு இருந்தேன். அந்த முப்பது வருஷத்து டிரைவர். மத்தவங்கள்லாம் ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க, ஒருத்தரு இறக்கை கோணலா ஒட்டியிருக்குன்னாரு."

"கோணலாவா? யாரு அந்த ஆளு?"

"நீ இரு. இவரு கண்ணாடியைப் போட்டுட்டு, செல்லுல லைட் அடிச்சு, பத்து நிமிஷம் பேசவே இல்ல. அப்புறம் சக்கரத்துக்கிட்ட விரலை வச்சாரு. என்னையே முந்திட்டாருக்கா!" அவன் குரல் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது. "டீ சொல்லட்டுமானு கேட்டேன். பதிலே சொல்லல. நேராப் போயி ஒரு துணியை எடுத்துக்கிட்டு அவரு பஸ்ஸுக்கு அடியில படுத்துட்டாரு. யாரும் சொல்லலக்கா, அவராவே."

"நீ என்னடா பண்ண?"

"நானும் ஒரு துணியை எடுத்துக்கிட்டு அவரு பக்கத்துல போயி படுத்துட்டேன்."